பெரிய மொசைக் சுவர் கேட்டு வருபவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கத்தில், முன்பு ரப்பர் ஷீட் அடுக்கி வைத்திருந்த ஒரு பழைய ஸ்டோரில் எங்கள் பட்டறை இருக்கிறது. நகராண்மைக் கழகம், பள்ளிக்கூடம், கோயில், மருத்துவமனை, பேருந்து நிலையம் மாதிரி பொது இடங்களுக்குப் சின்னக் கல், கண்ணாடித் துண்டுகளைப் பதித்துப் பெரிய மொசைக் படங்களைச் செய்து, லோரியில் ஏற்றிப்போய், சுவரில் ஒட்டித் தருகிறோம். சில வேலைகளில் படம் வரைவதும் நாங்கள்தான், சிலவற்றில் ஓவியர் வரைந்து கொடுத்ததைக் கல்லாகவும் கண்ணாடியாகவும் மாற்றுவது மட்டும் எங்கள் பொறுப்பு. போனிலும் நேரிலும் திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறோம். மொசைக் எத்தனை வருடம் நிற்கும் என்பது அதன் பின்னால் மறைந்துபோகிற சுவர், பசை, இடைவெளி இந்த மூன்றையும் பொறுத்தது. அதனால் பல பதில்களில் நிறத்தைவிட சிமெண்டைப் பற்றித்தான் அதிகம் இருக்கும், பொறுமையாகப் படியுங்கள்.

பெயிண்ட் அடித்தால் போதாதா? மொசைக் எதற்கு?

சில இடங்களுக்குப் பெயிண்ட்தான் சரி. இன்னும் ஐந்தாறு வருடத்தில் இடிக்கப்போகும் கட்டடம், வாடகைக்கு எடுத்த சுவர், வருடா வருடம் படத்தை மாற்ற நினைக்கும் இடம், இங்கெல்லாம் மொசைக் வேண்டாம் என்று நாங்களே சொல்லி அனுப்புகிறோம். ஆனால் வெயிலும் மழையும் நேராகப் படுகிற சுவரில் ஒரு தலைமுறைக்கு மேல் படம் நிற்க வேண்டும் என்றால் கதை வேறு. மொசைக்கில் நிறம் மேலே பூசப்படுவதில்லை, உலோக ஆக்சைடுகளைச் சேர்த்து உலையில் உருக்கும்போதே கண்ணாடிக்குள் கலந்துவிடுகிறது, அதனால் வெயில் அதை வெளுக்க வைக்க முடியாது.

நேரில் பார்க்க வேண்டும் என்றால் கோலாலம்பூர் தேசிய அருங்காட்சியகத்துக்குப் போங்கள். 1963இல் திறந்த கட்டடம் அது. முன்புறத்தில் இருக்கும் இரண்டு பெரிய மொசைக் சுவர்களையும் வடிவமைத்தவர் ஓவியர் சியோங் லாய் தோங். ஒவ்வொன்றும் 35 மீட்டர் நீளம், 6 மீட்டர் உயரம், இத்தாலியக் கண்ணாடி மொசைக். அறுபது வருட வெயிலைத் தாண்டியும் நிறம் நிறமாகவே இருக்கிறது. அதே காலத்தில் டேவான் பஹாசா டான் புஸ்தாகா கட்டடத்துக்கு இஸ்மாயில் முஸ்தாம் செய்த சுவரும் இருக்கிறது. இரண்டையும் தூரத்திலிருந்து மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள், கிட்டப் போய் ஒரு முகமோ கையோ எத்தனை துண்டுகளால் ஆகியிருக்கிறது என்று பாருங்கள். அதற்குப் பிறகு எங்களிடம் நீங்கள் கேட்கும் கேள்விகளே மாறிவிடும்.

எந்தச் சுவரிலும் ஒட்டலாமா?

இல்லை. எங்கள் வேலையில் மிகவும் முக்கியமான கேள்வி இதுதான், ஆனால் பெரும்பாலும் படம் முடிவாகி, மேலிடத்தில் காட்டி, எல்லோரும் தலையாட்டிய பிறகுதான் கேட்கிறார்கள். சுவரை முதலில் காட்டுங்கள், படத்தை அப்புறம் பேசலாம்.

புதுச் சுவர் என்றால் கான்கிரீட் ஊற்றி 28 நாளாவது ஆகியிருக்க வேண்டும், மேலே சிமெண்டுப் பூச்சு இருந்தால் அதுவும் காய்ந்து சுருங்கி முடித்திருக்க வேண்டும். சுருங்கிக்கொண்டிருக்கும் சுவரில் ஒட்டினால் சுவர் நகரும், கண்ணாடி நகராது, நடுவில் இருக்கும் பசைதான் பிய்ந்துபோகும். பழைய சுவர் என்றால் ஒரு சின்ன சுத்தியலால் இஞ்சு இஞ்சாகத் தட்டிப் பார்ப்போம். டொக்கு டொக்கு என்று வெற்றொலி வரும் இடத்தில் பூச்சு சுவரை விட்டுப் பிரிந்திருக்கிறது என்று அர்த்தம், அதைக் கொத்தி எடுத்துவிட்டு மறுபடி பூச வேண்டும். பெயிண்டின் மேல் ஒட்டித் தரச் சொல்லாதீர்கள். மொசைக் பிடித்துக்கொண்டிருப்பது பெயிண்டைத்தான், பெயிண்ட் உரிந்தால் படமும் சேர்ந்து உரியும். இதில் நாங்கள் விட்டுக்கொடுப்பதே இல்லை.

அடுத்தது தண்ணீர். முன்னால் விழுகிற மழை பெரிய பிரச்சினை இல்லை, பின்னாலிருந்து வரும் ஈரம்தான் ஆபத்து. நம் ஊரில் மேட்டை வெட்டி எழுப்பிய தடுப்புச் சுவர்கள் நிறைய. அதில் படம் வைக்க எல்லோருக்கும் ஆசை, ஏனென்றால் ரோட்டிலிருந்து நன்றாகத் தெரியும். ஆனால் பின்னால் இருக்கும் மண் மழைத் தண்ணீரைக் குடித்துக் குடித்துச் சுவர் வழியாக வெளியே தள்ளும். அந்தத் தண்ணீர் சிமெண்டில் இருக்கும் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு மேலே வந்து, காற்றில் இருக்கும் கரியமில வாயுவோடு சேர்ந்து வெள்ளையாகப் படியும். உப்பு பூத்திருக்கிறது என்று சொல்வோமே, அதுதான். தேய்த்து எடுத்தாலும் அடுத்த மழைக்குத் திரும்ப வரும். இப்படிப்பட்ட சுவரில் நேரடியாக ஒட்ட மாட்டோம். வடிகால் ஓட்டைகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, சுவருக்கு முன்னால் துருப்பிடிக்காத சட்டம் அடித்து, சிமெண்ட் பலகையில் செய்த பேனல்களை அதில் மாட்டுவோம். பலகைக்கும் சுவருக்கும் நடுவே காற்று போகும், ஈரம் தன் வழியில் இறங்கிவிடும்.

பேனல் என்றால் மட்டமான வேலை என்று யாரும் நினைக்க வேண்டாம். மெக்சிகோ நகரத்துப் பல்கலைக்கழக நூலகத்துக்கு 1950களில் ஹுவான் ஓ'கோர்மன் செய்த மொசைக், கட்டடத்தின் நான்கு பக்கமும் சேர்த்து ஏறக்குறைய 4000 சதுர மீட்டர். அந்த நாட்டின் இயற்கைக் கற்களை ஒரு மீட்டர் சதுரப் பலகைகளில் பதித்து, பிறகு மேலே ஏற்றி மாட்டினார்கள். இன்றைக்கும் நிற்கிறது.

நடுவில் கோடு மாதிரி ஒரு இடைவெளி விடுகிறீர்களே, அது இல்லாமல் செய்ய முடியாதா? படம் கெடுகிறதே.

முடியாது. பத்து மீட்டர் நீளமுள்ள கான்கிரீட் சுவர் 30 டிகிரி சூடானால் சுமார் 3 மில்லிமீட்டர் நீளும். விடியற்காலைக் குளிருக்கும், மத்தியான வெயிலில் கை வைக்க முடியாத கருநீலக் கண்ணாடியின் சூட்டுக்கும் நடுவே இது தினமும் நடக்கிறது. திடீர் மழை வந்தால் சில நிமிடங்களிலேயே நடக்கிறது. அந்த 3 மில்லிமீட்டருக்குப் போக ஒரு இடம் வேண்டும். இடம் கொடுக்காவிட்டால் சுவரே எங்காவது ஒரு இடத்தைத் தேர்ந்தெடுத்து விரிசல் விட்டுக்கொள்ளும், அது பெரும்பாலும் ஒரு முகத்தின் நடுவில்தான் வந்து நிற்கும்.

அதனால் வெளிச்சுவரில் ஏறக்குறைய 3 மீட்டருக்கு ஒன்று வீதம் நெகிழ்வான சீலண்ட் நிரப்பிய இடைவெளி விடுகிறோம். கட்டடத்துக்கே ஏற்கெனவே ஓர் இணைப்பு இடைவெளி இருந்தால் அதற்கு நேர் மேலே எங்களுடையதும் வந்தே ஆக வேண்டும், அதன் மேல் மூடி ஒட்டக் கூடாது. அது கண்ணை உறுத்தாமல் பார்த்துக்கொள்வது ஓவியரின் கையில் இருக்கிறது. எந்த இடத்தில் கோடு விழும் என்பதை ஆரம்பத்திலேயே வரைந்து கொடுத்துவிடுகிறோம், அவர் அங்கே ஒரு மரத்தண்டையோ லயத்து வீட்டின் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டின்) தூணையோ கொண்டுவந்து வைத்தால் பார்ப்பவருக்குத் தெரியவே தெரியாது. முழுப் படமும் முடிந்த பிறகு கோடு எங்கே என்று கேட்டால்தான் படம் கெடும்.

எடை தாங்குமா?

4 மில்லிமீட்டர் கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு 10 கிலோ. பசையும், துண்டுகளுக்கு நடுவே நிரப்பும் இடைப்பூச்சும் சேர்ந்தால் 15 கிலோ சொச்சம். பளிங்குக் கல் 10 மில்லிமீட்டர் தடிப்பில் 27 கிலோ, பசை தனி. சிமெண்ட் பலகையில் செய்து மாட்டினால் பலகையின் எடையும் கூடுவதால் கண்ணாடிப் படமே சதுர மீட்டருக்கு 30 கிலோவைத் தாண்டும். செங்கல், கான்கிரீட் சுவருக்கு இது ஒன்றுமில்லை. ஜிப்சம் தடுப்புச் சுவர், தகரக் கொட்டகை, பழைய பலகைக் கட்டடம் என்றால் கட்டடப் பொறியாளரின் கையெழுத்து இல்லாமல் தொட மாட்டோம்.

என்ன பொருளில் செய்வது நல்லது?

வெளிச்சுவருக்கு எங்கள் முதல் தேர்வு இரண்டு. ஒன்று கண்ணாடி, இன்னொன்று மேற்பூச்சு இல்லாத போர்சலின். போர்சலின் என்று விற்பனையில் சொன்னால் அது உறிஞ்சும் தண்ணீர் தன் எடையில் அரை சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். சாதாரண சமையலறைச் சுவர் ஓடு பத்து சதவீதத்துக்கு மேல் குடிக்கும். நம் ஊரில் பனி உறைவதில்லை என்பதால் அது வெடித்துப் போகாது, ஆனால் தைப்பிங் பக்கம் கொட்டுகிற மாதிரி மழையில் ஈரம் உள்ளேயே தங்கி, பாசி பிடித்து, நிறம் மங்கும்.

வெனிஸ் நகரப் பக்கம் செய்யும் ஸ்மால்ட்டி என்ற தடித்த கண்ணாடி மிகவும் அழகு. உடைத்த பக்கமே முகமாக வைப்பதால் ஒவ்வொரு துண்டும் வெளிச்சத்தை வேறு வேறு திசையில் திருப்பும். விலையும் அப்படித்தான். முழுச் சுவருக்கும் வேண்டாம், முகம், விளக்கு, நெருப்பு, தண்ணீர் மாதிரி கண் போய் நிற்கிற இடத்துக்கு மட்டும் வைத்தாலே சுவர் முழுக்க உயிர் வந்துவிடும் என்பது எங்கள் அனுபவம். தங்க மொசைக்கும் கிடைக்கும். உண்மையான தங்கத் தகடு இரண்டு கண்ணாடிக்கு நடுவே இருக்கும், அதனால்தான் ஆயிரம் வருடம் கழித்தும் மின்னுகிறது. தங்க நிற பெயிண்ட் அடித்த மலிவுக் கண்ணாடியை வெளியில் வைக்காதீர்கள்.

கல் வேண்டும் என்றால் நமக்கு அதிர்ஷ்டம், கிந்தா பள்ளத்தாக்கு முழுக்கச் சுண்ணாம்புக் குன்றுகள்தான், ஈப்போ பக்கம் பளிங்குத் துண்டுகள் கிடைக்கின்றன. வெள்ளை, சாம்பல், லேசான ரோஸ். தோட்டத்துப் பனிமூட்டத்துக்கு அந்தச் சாம்பலைவிடப் பொருத்தமான பொருளை நாங்கள் எந்த நாட்டு அட்டவணையிலும் பார்த்ததில்லை.

வீட்டில் பழைய மங்கு இருக்கிறது. அதை உடைத்துப் படத்தில் சேர்க்க முடியுமா?

இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் தோட்டம் விற்கப்பட்டு லயத்தை விட்டு வந்த குடும்பங்கள். ரப்பர் பால் பிடித்த பீங்கான் மங்கு, ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளுக்குப் பால் கொடுத்த கோப்பை, பாட்டி சாப்பிட்ட தட்டு, எல்லாம் கொண்டுவருகிறார்கள். சேர்க்கலாம், சந்தோஷமாகச் செய்கிறோம். மங்கு வளைவாக இருப்பதால் பெரிய துண்டாக வைக்க முடியாது, சின்னச் சின்னதாக நறுக்கினால்தான் சமமாக உட்காரும். முதலில் ஒரு துண்டைத் தண்ணீரில் ஊறவைத்து எடை பார்ப்போம். ரொம்பவும் தண்ணீர் குடித்தால் வெளிச்சுவரில் வைக்காமல் உள்சுவர்ப் படத்துக்கு மாற்றுவோம்.

எங்கள் ஆலோசனை, அவற்றைப் பெரிய படத்தின் உச்சியில் கொண்டுபோய்த் தொலைக்காமல், கை எட்டும் உயரத்தில் ஒரு பட்டையாக வையுங்கள். கொடுத்தவர்கள் வந்து தொட்டுக் காட்ட முடியும். எல்லா மங்கையும் உடைக்கவும் வேண்டாம். முழுசாக இருப்பதில் ஒன்றிரண்டை வீட்டிலேயே வைத்திருங்கள் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம்.

எப்படித்தான் செய்கிறீர்கள்? சுவரில் ஏறி ஒவ்வொரு துண்டாக ஒட்டுவீர்களா?

சின்ன வேலைக்கு அப்படியும் செய்வோம். பெரிய வேலை பட்டறை மேஜையில்தான் நடக்கிறது. படத்தை உண்மையான அளவில் தடித்த பழுப்புக் காகிதத்தில், இடம் வலம் மாற்றி, கண்ணாடியில் தெரிவது போல வரைவோம். கண்ணாடித் துண்டுகளை வீல் நிப்பரால் (சக்கரம் வைத்த குறடு) நறுக்கி, முகத்தைக் கீழே வைத்து, கோதுமை மாவுக் கஞ்சியால் காகிதத்தில் ஒட்டுவோம். முடிந்த பிறகு ஆள் தூக்கும் அளவுக்குத் துண்டு துண்டாக வெட்டி, எண் போட்டு, வரைபடத்தில் குறித்து, லோரியில் ஏற்றுவோம். வெட்டும்போது நேர்கோட்டில் வெட்ட மாட்டோம், உருவத்தின் ஓரத்தோடு வளைந்து வளைந்து வெட்டினால்தான் சுவரில் சேர்த்த பிறகு ஒட்டு தெரியாது. சுவரில் பசை பூசி, காகிதம் வெளியே தெரியும்படி பதித்து, தட்டிச் சமப்படுத்தி, பசை பிடித்த பிறகு காகிதத்தை நனைத்து உரித்தால் படம் சரியான திசையில் வெளியே வரும். கடைசியில் இடைப்பூச்சு.

இடம் வலம் மாறுகிறது என்பதில்தான் கவனம் வேண்டும். நம் ஊர்ப் படங்களில் இது ரொம்பவும் காட்டிக்கொடுக்கும். பால்மரத்தில் வெட்டுக் கோடு இடது பக்கம் மேலே தொடங்கி வலது பக்கம் கீழே இறங்கும், சுமார் 30 டிகிரி சரிவு. பட்டைக்குள் பால் குழாய்கள் லேசாக வலப்பக்கம் சாய்ந்து ஏறுவதால் அப்படி வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபட்டுப் பால் நன்றாக வரும். இடம் வலம் மாறிய காகிதத்தில் இதை மாற்ற மறந்தால், சுவருக்கு முன்னால் நிற்கும் முதல் பால்வெட்டுக்காரரே சொல்லிவிடுவார், இது எந்த ஊர் மரம் என்று. சேலை முந்தானை எந்தத் தோளில் விழுகிறது, தமிழ் எழுத்தின் சுழி எந்தப் பக்கம் திரும்புகிறது, எல்லாம் இதே கதைதான். ஒட்டத் தொடங்கும் முன்னால் முழுக் காகிதத்தையும் ஒரு நிலைக்கண்ணாடியில் காட்டி, தோட்டத்தில் வேலை செய்த ஒரு பெரியவரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்வது எங்கள் வழக்கம்.

வலையில் ஒட்டி வாங்கினால் மலிவு என்கிறார்களே?

குளியலறைக்குச் சரி. பின்பக்க வலையில் சாதாரண வெள்ளைப் பசையால் ஒட்டியது வெளிச்சுவரில் நனைந்துகொண்டே இருந்தால் அந்தப் பசை மறுபடி இளகும், தவிர சிமெண்ட் பசை கண்ணாடியை முழுதாகத் தொடுவதற்கு அதுவே குறுக்கே நிற்கும். வெளியில் கண்ணாடியின் பின்பக்கம் 95 சதவீதமாவது பசையில் பதிய வேண்டும் என்பது நாங்கள் வைத்திருக்கும் அளவு. பசையும் சும்மா சிமெண்ட் மணல் கலவை இல்லை, பாலிமர் சேர்த்த, வளைந்துகொடுக்கும் வகை. மூட்டையில் சி2 என்றும் எஸ்1 அல்லது எஸ்2 என்றும் போட்டிருக்கும், டெண்டரில் அதை அப்படியே எழுதச் சொல்லுங்கள். ஒளி ஊடுருவும் கண்ணாடிக்கு வெள்ளைப் பசை மட்டும்தான். சாம்பல் பசை வைத்தால் மஞ்சள் அழுக்காகவும் சிவப்பு பழுப்பாகவும் தெரியும்.

என் போட்டோவைக் கொடுத்தால் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக மாற்றிச் செய்து தருவீர்களா?

செய்ய முடியும், செய்யச் சொன்னால் செய்வோம், ஆனால் வேண்டாம் என்று முதலில் வாதாடுவோம். சதுரக் கட்டத்தில் அடுக்கிய முகம் தூரத்தில் போட்டோவாகத் தெரியும், கிட்ட வந்தால் வெறும் கட்டம். கையால் செய்யும்போது துண்டுகள் கன்னத்தின் வளைவோடு ஓடும், கூந்தலோடு இறங்கும், நெற்றியில் திரும்பும். கோலப்பொடி விரலிலிருந்து வளைந்து விழுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த ஓட்டத்தைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. மொசைக்கில் வரைவது என்றால் அந்த ஓட்டத்தைத் தீர்மானிப்பதுதான்.

நுணுக்கம் எவ்வளவு வேண்டும் என்பது பார்க்கிற தூரத்தைப் பொறுத்தது. காரில் போகிறவர்கள் பார்க்கும் ரவுண்டபௌட் சுவருக்கு இரண்டு சென்டிமீட்டர் துண்டும் பெரிய உருவமும் போதும். மருத்துவமனையில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பவர்கள் பார்க்கும் சுவருக்கு ஒரு சென்டிமீட்டர் துண்டு வேண்டும், ஒவ்வொரு மூலையிலும் கண்டுபிடிக்க ஏதாவது இருக்க வேண்டும்.

தோட்ட வாழ்க்கையைப் படமாக்க வேண்டும். என்னென்ன வைக்கலாம்?

இந்தப் பக்கத்தில் எங்களுக்கு மிகவும் பிடித்த கேள்வி, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறோம். வருகிற எல்லோரும் கேட்பது ஒரே படம்: சூரிய உதயம், மரம், தலையில் துண்டு கட்டிய பெண், சிரித்த முகம். அது பொய்யில்லை, ஆனால் அது மட்டும்தான் என்றால் பொய்யாகிவிடும். பெரட்டுக் களத்தில் இருட்டில் பேர் கூப்பிடும் நேரம், காண்டாக் கம்பில் இரண்டு பக்கமும் வாளி தொங்க நடக்கும் தோள், ஸ்டோரில் பாலை நிறுத்துக் கணக்கெழுதும் கிராணியையே பார்த்துக்கொண்டு நிற்கும் வரிசை, மழை வந்து மங்கில் விழுந்து ஒரு நாள் வேலையே போன காலை, லயத்தின் பொதுக் குழாய், தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா, தமிழ்ப்பள்ளியின் ஒற்றை மணி, இதையெல்லாம் வேலை செய்தவர்கள் சொல்லும்போது நாங்கள் குறித்துக்கொள்கிறோம். ஓவியரையும் கூட்டிக்கொண்டு போய் உட்காரவைக்கிறோம்.

சுங்கை சிப்புட்டுக்கு என்றே சில விஷயங்கள் இருக்கின்றன. 1948 ஜூனில் இங்கே தோட்ட நிர்வாகிகள் கொல்லப்பட்டதையொட்டித்தான் அவசரகாலம் பிரகடனமானது, அதற்குப் பிறகு தொழிலாளர்கள் கம்பி வேலிக்குள் வாழ்ந்த வருடங்களைப் பாட்டிமார்கள் இன்னும் சொல்கிறார்கள். இந்தத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன், தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960இல், தொழிலாளர்களிடமே பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அந்தப் பத்து வெள்ளியை நீட்டும் கை ஒரு சுவருக்குப் போதுமான படம். தலைவரின் முகத்தைவிட அந்தக் கையைப் பெரிதாக வையுங்கள் என்பதுதான் நாங்கள் எப்போதும் சொல்வது.

உயிரோடு இருக்கும் ஒருவரின் முகத்தை வைத்தால் அவருடைய சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். இறந்தவர் என்றால் குடும்பத்திடம் கேளுங்கள்.

கோயிலுக்குச் செய்வீர்களா? ஜொகூர் பாரு கண்ணாடிக் கோயில் மாதிரி வேண்டும்.

1922இல் தொடங்கிய அந்த அருள்மிகு ராஜகாளியம்மன் கோயில் 2009இல் கண்ணாடிக் கோயிலாக மாறியது, ஏறக்குறைய மூன்று லட்சம் கண்ணாடித் துண்டுகள். அதைப் பார்த்துவிட்டு வருகிற கோயில் கமிட்டிகளுக்கு நாங்கள் சொல்வது: முகம் பார்க்கும் கண்ணாடியை உள்ளே வையுங்கள், மழை படும் இடத்தில் வைக்காதீர்கள். அதன் பின்பக்க வெள்ளிப் பூச்சை ஈரமும் சிமெண்டின் காரமும் அரிக்கும், ஓரத்திலிருந்து கறுப்பு பரவும். கோபுரத்துக்கும் வெளிமதிலுக்கும் நிறக் கண்ணாடி. உள்ளே ஒட்டும்போதும் கண்ணாடிக்கென்று உள்ள பசைதான், சாதாரண சிமெண்ட் வேண்டாம். அப்புறம் ஒரு வேண்டுகோள், கும்பாபிஷேகத் தேதியைக் குறித்து அழைப்பிதழ் அடித்த பிறகு வராதீர்கள். தேதி பார்க்கும்போதே எங்களையும் கூப்பிடுங்கள்.

எவ்வளவு செலவாகும்?

சுவரைப் பார்க்காமல் வெள்ளிக் கணக்கு சொல்ல மாட்டோம், ஆனால் எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது என்று சொல்லலாம். இரண்டு சென்டிமீட்டர் துண்டு, நடுவில் 2 மில்லிமீட்டர் இடைவெளி என்றால் ஒரு சதுர மீட்டருக்கு சுமார் 2060 துண்டுகள். ஒரு சென்டிமீட்டர் துண்டு, 1 மில்லிமீட்டர் இடைவெளி என்றால் 8260. துண்டைப் பாதியாக்கினால் கைவேலை நான்கு மடங்கு. ஐம்பது சதுர மீட்டர் சுவருக்குப் பெரிய துண்டே ஒரு லட்சத்தைத் தாண்டும். விலையில் பெரும் பங்கு இந்தக் கைகளுக்குப் போகிறது, கண்ணாடிக்கு இல்லை.

அதனால் காசு குறைவாக இருந்தால் முகங்களைச் சிறிய துண்டிலும் வானத்தையும் மண்ணையும் பெரிய துண்டிலும் செய்யலாம், அல்லது சுவரைச் சிறிதாக்கலாம். பசையையும் சுவர்த் தயாரிப்பையும் குறைத்து விலையை இறக்கச் சொன்னால் அந்த வேலையை எடுப்பதில்லை. சாரம், லோரி, பொறியாளர், காப்புறுதி இவை தனித் தனி வரியாக எழுதித் தருவோம்.

எத்தனை நாள் ஆகும்?

படம் முடிவாகும் காலத்தை யாராலும் சொல்ல முடியாது, கமிட்டியைப் பொறுத்தது. பட்டறை வேலை மாதக் கணக்கில், ஒட்டும் வேலை வாரக் கணக்கில். பேராக்கில் மத்தியானத்துக்கு மேல் மழை என்பதால் காலையில்தான் பசை பூசுவோம், வெயில் ஏறினால் சூடான சுவரில் பசை சீக்கிரம் காய்ந்து பிடிப்பு போய்விடும். தார்ப்பாய் கட்டி, மேலிருந்து நிழல் கொடுத்து, சுவரின் எந்தப் பக்கம் எப்போது வெயில் படுகிறது என்று பார்த்துத்தான் வேலை நகரும்.

பள்ளிப் பிள்ளைகள் சேர்ந்து செய்ய முடியுமா?

முடியும், பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஒரு கோத்தோங் ரோயோங் (எல்லோரும் கூடிச் செய்யும் வேலை) வைத்தாலே நடக்கும். நறுக்கும் வேலை பிள்ளைகளுக்கு இல்லை, நறுக்கிய துண்டின் ஓரத்தைத் தேய்த்துக் கொடுத்து, காகிதத்தில் ஒட்டும் வேலையை அவர்களுக்குக் கொடுக்கிறோம். ஓரப் பட்டை, இலைகள், மீன்கள் இவையெல்லாம் அவர்கள் கையில் நன்றாக வருகின்றன, கொஞ்சம் கோணலாக இருந்தாலும் மாற்ற மாட்டோம். பெரியவர்கள் நறுக்கும்போது கண் கவசம் கட்டாயம், கல்லையும் ஓடுகளையும் தண்ணீர் ஊற்றித்தான் அறுக்க வேண்டும். உலர அறுத்தால் பறக்கும் சிலிக்கா தூசு நுரையீரலில் தங்கிவிடும், அது திரும்பி வெளியே வராது.

அனுமதி, ஒப்பந்தம், உரிமை?

இந்த ஊரில் பொது இடத்துச் சுவர் என்றால் கோலகங்சார் நகராண்மைக் கழகத்தின் அனுமதி வேண்டும், நில உரிமையாளர் வேறு என்றால் அவருடையதும். ஒட்டும் வேலை கட்டுமான வேலையாகக் கணக்காகும் இடங்களில் சிஐடிபி (கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியம்) பதிவு கேட்பார்கள், தளத்தில் நிற்பவர்களுக்கு அதன் பச்சை அட்டை வேண்டும். இவற்றை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். பதிப்புரிமையை மட்டும் யாரும் பேசுவதில்லை. மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டப்படி ஓவியருக்குத் தன் பெயர் போடப்பட வேண்டும், படத்தைத் தன் பெயர் கெடும்படி சிதைக்கக் கூடாது என்ற தார்மிக உரிமை இருக்கிறது. அதனால் சுவரின் ஒரு மூலையில் ஓவியர் பெயர், வருடம், செய்தவர்கள் பெயர் எல்லாம் மொசைக்கிலேயே வரும். விளம்பரப் பலகை மாட்ட அதில் ஆணி அடிக்கக் கூடாது என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

வேலை கற்றுக்கொள்ளலாமா?

வாங்க. வரையத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பொறுமையும் நிறம் பார்க்கும் கண்ணும் இருந்தால் போதும். முதல் சில மாதம் நறுக்குவதும் நிறம் பிரிப்பதும்தான். ஒரே பச்சையில் எத்தனை பச்சை என்று பிரிக்கத் தெரிந்த பிறகு இலையில் கை வைக்கலாம். இந்த ஊர்ப் பிள்ளைகள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போகாமல் இங்கேயே ஒரு தொழில் கற்க வேண்டும் என்பது எங்களுக்கு ரொம்பப் பெரிய ஆசை, சம்பளம் கொடுத்துத்தான் கற்றுத்தருகிறோம்.

எப்படிச் சுத்தம் செய்வது? துண்டு விழுந்தால் என்ன செய்வது?

தண்ணீர், கடுமை இல்லாத சோப்பு, மென்மையான தூரிகை. வருடத்தில் இரண்டு மூன்று தடவை போதும், மரத்து நிழலில் இருக்கும் சுவருக்கு மட்டும் பாசியைப் பார்த்து அடிக்கடி. ஆசிட் ஊற்றிக் கழுவாதீர்கள், இடைப்பூச்சையும் பளிங்கையும் அது தின்றுவிடும், கண்ணாடி மட்டும் பளபளப்பாகி எல்லாம் சரியாக இருப்பது போலத் தெரியும். அழுத்தத் தண்ணீர்ப் பம்பைக் கிட்டக் கொண்டுவந்து அடிக்காதீர்கள். சுவரின் மேல் விளிம்பில் இருக்கும் மூடியில் விரிசல் வந்திருக்கிறதா என்று வருடம் ஒரு தடவை யாராவது ஏணி வைத்துப் பாருங்கள், தண்ணீர் உள்ளே போவது பெரும்பாலும் அந்த வழியாகத்தான். இடைவெளியில் இருக்கும் சீலண்ட் சில வருடங்களில் காய்ந்து சுருங்கும், அதை மாற்றுவது சின்ன வேலை, தள்ளிப்போடாதீர்கள்.

ஒவ்வொரு சுவரையும் ஒப்படைக்கும்போது அதில் இருக்கும் எல்லா நிறங்களிலும் கொஞ்சம் மிச்சத்தை ஒரு பெட்டியில் போட்டு, நிற எண்ணும் பசையின் வகையும் எழுதி, வரைபடத்தோடு கொடுக்கிறோம். உருக்கும் தடவைக்குத் தடவை நிறம் லேசாக மாறும் என்பதால் பிறகு கடையில் தேடினால் அதே நீலம் கிடைக்காது. பெட்டியைத் தலைமையாசிரியர் அறையிலோ கோயில் அலுவலகத்திலோ பெயர் எழுதிப் பூட்டி வையுங்கள், பொறுப்பில் இருப்பவர் மாறும்போது சாவியோடு அதையும் ஒப்படையுங்கள். துண்டு விழுந்தால் அதைத் தூக்கிப் போடாமல் எடுத்து வைத்துக்கொண்டு எங்களைக் கூப்பிடுங்கள், விழுந்த இடத்தின் பின்பக்கத்தைப் பார்த்தால்தான் ஏன் விழுந்தது என்று தெரியும்.